சிவப்புக்குப் பின் ஃபாலோ
(ஆதரவாளர்களின் ஆண்டுக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று இந்தக் கடலோரம் முழுவதிலுமிருந்து எங்களிடம் வரும் ஏழை நோயாளிகளை உங்கள் காணிக்கைகளால் தாங்கி வருகிறீர்கள். அதற்கு நன்றி சொல்லி, இன்று நோயாளிகளைக் குறித்து அல்ல, அவர்களுடைய பிள்ளைகளைக் குறித்துப் பேச விரும்புகிறோம்.

ஜெபிப்பதற்காக நாங்கள் வார்டுக்குள் போகிறபோது, தகப்பன் கட்டிலில் படுத்திருப்பார். தாய் மருந்துச் சீட்டோடு ஓடிக்கொண்டிருப்பார். பக்கத்து ஸ்டூலில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கும். நோயாளிகள் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்காது. ஆனால் அந்த நோயினால் பல வீடுகளில் முதலில் நிற்பது அந்தப் பிள்ளையின் படிப்புதான். தகப்பன் குணமாகி வீடு திரும்புவார். பிள்ளையோ அதற்குள் ஏதாவது கடையிலோ பட்டறையிலோ வேலைக்குச் சேர்ந்திருக்கும்.

"பணம் கொடுப்பதோடு நிற்காமல், ஆளுக்கொரு பிள்ளைக்குத் துணையாக இருக்கிறோம்" என்று உங்களில் சிலர் முன்வந்திருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு இலக்கை வைத்துக்கொள்ளவும் அதை நோக்கி நடக்கவும் நாம் எப்படி உதவலாம் என்பதே இன்றைய பேச்சு.

கேரம் போர்டு சொல்லும் பாடம்

வடசென்னைத் தெருக்களில் கேரம் ஆடத் தெரியாத பிள்ளையைக் காண்பது அரிது. அந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. நடுவில் இருக்கும் சிவப்புக் காயைக் குழியில் போட்டுவிட்டால் மட்டும் போதாது. அதே அடியிலோ அடுத்த அடியிலோ தன்னுடைய காய் ஒன்றையும் போட வேண்டும். பிள்ளைகள் இதை "ரெட் அண்ட் ஃபாலோ" என்பார்கள். ஃபாலோ விழாவிட்டால் சிவப்பை எடுத்து மறுபடியும் நடுவிலே வைத்துவிடுவார்கள்.

இலக்கும் அப்படித்தான். "நான் டாக்டர் ஆவேன், கலெக்டர் ஆவேன்" என்று பிள்ளை சொல்கிறபோது கைதட்டுகிறோம். அது சிவப்புக் காய். அதற்கு அடுத்த அடி என்ன, அதை எந்த நாளில் போடப்போகிறாய் என்று கேட்க ஆளில்லாவிட்டால், சொன்ன இலக்கு திரும்பவும் நடுவிலே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தக் கேரம் போர்டிலிருந்தே உலகப் பட்டத்துக்குப் போனவர்கள் நம் நகரத்தில் இருக்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் ஆனார்; 1996-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடியில் மீன்பாடி வண்டி ஓட்டியவருடைய மகள் இளவழகி, 2008-ல் பிரான்சில் உலகப் பட்டம் வென்றார். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றபோது அவருக்கு வயது 17. அவருடைய தகப்பனார் ஆட்டோ ஓட்டுகிறவர். அவரே தங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கேரம் பயிற்சியும் கொடுத்து வந்தார்.

பட்டம் வென்ற பிறகு பாராட்டினோர் அநேகர். தமிழக அரசும் காசிமாவுக்கு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. அதற்கு முன் நடந்ததையே நாம் கவனிக்க வேண்டும். பிள்ளைக்குப் பிடித்தமான ஆட்டம் தெருவிலேயே இருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பெரியவர், ஓட்டம் முடித்து வந்த களைப்போடும், நாள் தவறாமல் இருந்தார். பிள்ளையின் விருப்பம், சின்னச் சின்ன அடிகள், தவறாமல் வருகிற ஒரு பெரியவர், தேவையான நேரத்தில் உதவி ஆகிய நான்கைக் குறித்தே இனி சொல்லப்போகிறோம்.

1. இலக்கு யாருடையது?

ஆதரவாளர்களில் ஒருவர் வார்டுக்கு வந்து, "நீ என்னவாகப் போகிறாய்?" என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் "டாக்டர்" என்பார்கள். பொய் சொல்ல வேண்டுமென்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை. உதவி செய்ய வந்த பெரியவருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று ஏழைப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

தாய் எங்கள் வார்டில் இருந்த நாட்களில் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி எங்களுக்கு அறிமுகமானாள். வந்தவர்கள் எல்லாரிடமும் டாக்டர் என்றே சொன்னாள். ஓய்வுபெற்ற எங்கள் நர்ஸ் ஒருவர் அவளுக்குத் துணையாக இருக்க ஒப்புக்கொண்டார். மூன்று சனிக்கிழமைகள் எதையும் கேட்காமல், அவளோடு உட்கார்ந்து டீ குடித்துப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் அவளே வாய் திறந்தாள்: "உண்மையச் சொல்லட்டுமா சிஸ்டர்? டாக்டர்லாம் இல்ல. இந்த வார்டுல ராத்திரில இருக்குற அக்கா மாதிரி நர்ஸ் ஆவணும். சொன்னா சின்னதா நெனப்பாங்கன்னு சொல்லல." அந்த நிமிடத்தில்தான் இலக்கு அவளுடையதாயிற்று.

எண்ணூர் பக்கத்துப் பையன் ஒருவனுடைய காரியமும் இப்படியே. தகப்பன் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. நல்ல மனதுள்ள ஒருவர் அவனை இன்ஜினியர் ஆக்கியே தீருவது என்று செலவுக்கும் ஆயத்தமாக இருந்தார். பையனோ எங்களிடம் வந்து, "ஐயா, என்னை யாருமே கேக்கல. நான் டிரெய்லர் ஓட்டணும்" என்றான். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்து வளர்ந்தவன் அவன். ஓய்வுபெற்ற தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவரிடம் அவனை ஒப்படைத்தோம். அவர் சிரிக்கவில்லை, புத்தி சொல்லவும் இல்லை. "சரி தம்பி, வா, அதுக்கு என்னென்ன வேணும்னு உக்காந்து எழுதுவோம்" என்றார்.

எழுதிப் பார்த்தார்கள். 18 வயதில் இலகு ரக வாகன லைசென்ஸ். அது கையில் வந்து ஒரு வருடம் ஆன பின்பே சரக்கு வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் கேட்கலாம். 20 வயது ஆகாமல் சாலையில் சரக்கு வாகனம் ஓட்டச் சட்டம் இடம்கொடுக்காது. அப்போது அவனுக்கு 16 வயது. நடுவில் இருக்கும் நான்கு வருடங்களை என்ன செய்வது? ஐ.டி.ஐ.-யில் டீசல் மெக்கானிக் பிரிவு ஒரு வருடப் படிப்பு. அதற்குப் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். அவனோ கணக்கில் தவறியிருந்தான். ஆகவே டிரெய்லருக்குப் போகும் வழியில் முதல் அடி, துணைத் தேர்வில் கணக்கில் 35 மார்க்!

யாராவது அவனிடம் "கணக்கைப் படி" என்று சொல்லியிருந்தால் அவன் கேட்டிருக்க மாட்டான். தன்னுடைய லாரிக்கு அந்த 35 மார்க் வேண்டும் என்று தெரிந்தபோது அவனே புத்தகத்தைத் தேடி எடுத்தான். தேறினான், ஐ.டி.ஐ.-யிலும் சேர்ந்தான். இப்போது, "ஓட்டுறதவிட இன்ஜின்தான் ஐயா பிடிச்சிருக்கு" என்கிறான். இலக்கு மாறலாம், அதில் தவறில்லை. தன் காலால் நடக்கப் பழகிய பிள்ளை வேறு திசைக்கும் நடந்து போகும்.

2. சனிக்கிழமைக்குள் முடிகிற அளவு

எருசலேமின் அலங்கத்தைக் கட்டப் புறப்பட்ட நெகேமியாவை நினைத்துப் பாருங்கள். எத்தனை நாள் ஆகும் என்று ராஜா கேட்டபோது அவர் ஒரு காலத்தைக் குறித்துச் சொன்னார். மரங்களுக்கு யாரிடம் கடிதம் வேண்டும் என்பதையும் அறிந்திருந்தார். போய்ச் சேர்ந்ததும் இராத்திரியில் சுற்றி வந்து இடிபாடுகளைப் பார்த்தார். பிறகு முழு அலங்கத்தையும் ஒருவர் தலையில் கட்டாமல், அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியை அவரவர் கட்டும்படி பிரித்துக் கொடுத்தார். 52 நாளில் வேலை முடிந்தது. ஜெபமும் இருந்தது, தேதியும் இருந்தது.

நம்முடைய திருவொற்றியூரிலும் ஒரு உதாரணம் உண்டு. 1946-ல் இங்கே ஒரு கொட்டகையில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கியவர்கள், 1952-ல் டயருக்கு மேல் ஒட்டும் டிரெட் ரப்பர் செய்யப் புகுந்தார்கள். டயர் தயாரிப்புக்கு வர 1961 ஆயிற்று. அதுதான் எம்.ஆர்.எஃப். பலூனுக்கும் டயருக்கும் நடுவில் பதினைந்து வருடங்கள் இருக்கின்றன.

பிள்ளைகளோடு இதை எப்படிச் செய்வது? நர்ஸ் ஆக விரும்பிய அந்த மாணவியையே எடுத்துக்கொள்வோம். பி.எஸ்ஸி. நர்சிங் படிக்க வேண்டுமானால் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். அதைப் பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும் நாளிலேயே தீர்மானிக்க வேண்டும். தோழி எடுக்கிறாள் என்பதற்காக அவள் வணிகவியல் குரூப்புக்குப் போக இருந்தாள். போயிருந்தால் அந்த வாசல் அன்றைக்கே அடைபட்டிருக்கும். அதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அடுத்தது அன்றாடப் படிப்பு. "நன்றாகப் படிக்கிறேன் சிஸ்டர்" என்பது இலக்கு அல்ல. அவள் வீடு ஒரே அறை. இரவு பத்து மணி வரை டி.வி. ஓடும். காலையில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்க வேண்டும். எனவே இருவரும் கலந்து பேசி எழுதிக்கொண்டது இது: பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே சர்ச் ஹாலுக்குப் போய், அறிவியலில் பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டு, பிறகு வீட்டுக்குப் போவது. சனிக்கிழமை அந்த நோட்டைச் சிஸ்டரிடம் காட்டுவது. எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன் என்று முன்னதாகவே குறித்துக்கொள்கிறவர்கள், வெறுமனே செய்வேன் என்று நினைக்கிறவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

கேட்கும் விதமும் முக்கியம். "எத்தனை மார்க்?" என்று கேட்டால் பிள்ளை ஒளிக்கும். "இந்த வாரம் எத்தனை நாள் ஹாலுக்குப் போனாய்?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லும். மார்க் முழுவதும் அவள் கையில் இல்லை. ஹாலுக்குப் போவது அவள் கையில் இருக்கிறது.

3. தடை எங்கே இருக்கிறது?

இரண்டு மாதம் கழிந்தும் அவளுடைய நோட்டில் தப்புகள் குறையவில்லை. போர்டில் எழுதியதைப் பார்த்து எழுதிய கணக்குகளிலேயே எண்கள் மாறியிருந்தன. சிஸ்டர் அவளை எங்கள் கண் பிரிவுக்கு அழைத்து வந்தார். கிட்டப்பார்வை. பின் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தே அத்தனை நாளும் எழுதியிருக்கிறாள். உங்கள் காணிக்கையிலிருந்து ஒரு கண்ணாடி வாங்கினோம். அன்பானவர்களே, உங்கள் பணம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். பெரிய தொகை அல்ல. ஆனால் சரியான தடையின் மேல் போய் விழுந்தது.

நம் பகுதியின் தடைகளை அறிந்து வைத்திருப்பது நல்லது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அரசு நிவாரணத் தொகை கொடுத்தாலும், படகில் போகிறவர்களுடைய வீட்டில் வருமானம் நின்றிருக்கும் நேரத்தில்தான் தேர்வு முடிவும், பள்ளிச் சேர்க்கையும், நோட்டுப் புத்தகச் செலவும் ஒன்றாக வருகின்றன. காசிமேட்டுப் பையன் ஜூன் மாதத்தில் "படிப்பு வேண்டாம்" என்று சொன்னால், அது மனமில்லாமை என்று உடனே தீர்மானித்துவிடாதிருங்கள். அந்த வீட்டில் அது பணமில்லாத மாதம்.

2023 டிசம்பரை எண்ணூர் மக்கள் மறக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றில் பரவி, படகும் வலையும் கறுத்துப்போயின. 26-ந் தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அப்படிப்பட்ட மாதத்தில் எந்தப் பிள்ளையால் திட்டப்படி நடக்க முடியும்? ஆகவே இலக்கை எழுதும் தாளில் கடைசியாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: "தடை வந்தால், எந்த நாளில் திரும்பத் தொடங்குவேன்?" தவறிய வாரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டாம். திரும்பத் தொடங்கும் நாளைக் குறித்தால் போதும்.

அரசு உதவிகளையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகிற மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் வந்தது. தகுதியும் நிபந்தனையும் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டால் தெரியும். பிள்ளையையே அழைத்துப்போய், பிள்ளையின் வாயாலேயே கேட்க வையுங்கள். அலுவலகத்தில் போய் ஒரு கேள்வி கேட்கப் பழகுவதும் ஒரு இலக்குதான்.

4. ஒரு வருடம் இருக்க முடியாவிட்டால் தொடங்க வேண்டாம்

இதைச் சற்றுக் கடினமாகவே சொல்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பெரியவர் ஒருவரைப் பிள்ளை ஒன்றுக்குத் துணையாக இணைக்கும் திட்டத்தை ஆராய்ந்து, கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில் பிள்ளைகள் அதிக நன்மை அடைந்தார்கள். ஓரிரு மாதங்களிலேயே அறுந்துபோன உறவுகளிலோ, பிள்ளைகள் தங்களைக் குறித்து வைத்திருந்த மதிப்பு முன்னிலும் குறைந்தது. ஒருவரும் வராமலிருப்பதைவிட, வந்து விட்டுப் போவது சில பிள்ளைகளுக்கு அதிகக் காயம்.

தகப்பன் படுக்கையில், வருமானம் இல்லை, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார். இப்படி எல்லாம் நழுவிப்போகிற பிள்ளைக்கு, சனிக்கிழமை நான்கு மணிக்கு நீங்கள் வருவது ஒன்றே நழுவாத காரியமாக இருக்கலாம். வெளியூர் போவதானால் முந்தின வாரமே சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்னும் சில ஒழுங்குகள் உண்டு. பெற்றோருக்குத் தெரிந்தே சந்தியுங்கள். சர்ச் ஹால், மருத்துவமனை வராந்தா போன்ற நாலு பேர் நடமாடும் இடத்தில் சந்தியுங்கள். பிள்ளையின் கையில் பணம் கொடுக்க வேண்டாம். தேவையை எங்களிடம் சொல்லுங்கள். படம் எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம். அடியோ, துன்புறுத்தலோ, குழந்தைத் திருமணமோ காதில் விழுந்தால் மூடி வைக்காமல் எங்களிடமும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும் தெரிவியுங்கள். இந்து வீட்டுப் பிள்ளையும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளையும் உங்களிடம் வரும். வார்டில் மருந்து கொடுக்கும்போது நாம் மதம் கேட்பதில்லை, இதிலும் அப்படியே.

உங்களிடம் கேட்பது

அந்த மாணவி இப்போது பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் குரூப்பில் இருக்கிறாள். வேதியியல் அவளுக்கு இன்னும் கஷ்டமாகவே இருக்கிறது. நர்ஸ் ஆவாளா என்று எங்களால் இன்று சொல்ல முடியாது. ஆனால் போன சனிக்கிழமையும் நோட்டோடு வந்தாள். சிஸ்டரும் வந்தார்.

எங்கள் வேண்டுகோள் இதுவே. வாரத்தில் ஒரு மணி நேரமாக ஒரு வருடம் கொடுக்கக் கூடியவர்கள் கூடுகை முடிந்ததும் எங்களைச் சந்தியுங்கள். மற்றவர்கள், குறிப்பாகத் தூரத்தில் இருப்பவர்கள், கண்ணாடி, தேர்வுக் கட்டணம், ஜூன் மாத நோட்டுப் புத்தகம், ஐ.டி.ஐ. பஸ் செலவு போன்ற சிறு தடைகளை நீக்கக் காணிக்கை அனுப்புங்கள். பிள்ளைகளின் கதையை எழுதி அனுப்பும்படி மட்டும் கேட்காதிருங்கள், அது அவர்களுடையது. எல்லாரும் இந்தப் பிள்ளைகளுக்காகவும் அவர்களோடு உட்காரும் பெரியவர்களுக்காகவும் ஜெபியுங்கள். முக்கியமாக, ஆறாவது ஏழாவது மாதத்தில் பெரியவர்களுக்குச் சோர்வு வரும். அப்போது அவர்களைத் தாங்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள்.

விதைக்கிறவர் ஒருவர், நீர் பாய்ச்சுகிறவர் ஒருவர், விளையச் செய்கிறவரோ தேவன். உங்கள் கைகளின் பிரயாசத்தை அவர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.